வெடிக்காத முப்பத்தெட்டு

மன்னிக்க வேண்டும் சார், எண்ணெய் வாடை அடிக்கிறதா? என் பையிலிருந்துதான். உங்கள் வேட்டியில் ஒட்டாது, பயப்படாதீர்கள். டப்பாவை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி, மூன்றுக்கும் தனித்தனியாக ரப்பர் வளையம் போட்டிருக்கிறேன். அப்படியும் வாடை வந்துவிடுகிறது. நாற்பது வருடமாக என் கையில் ஊறின வாடை. நான் பிசைந்தால் தயிர்ச்சோறும் இப்படித்தான் மணக்கும் என்று வீட்டில் சொல்லுவாள்.

நான் பஸ்ஸில் யாரிடமும் பேசுகிறவன் இல்லை. திருநெல்வேலியில் ஏறினோம், இப்போது கயத்தாறு தாண்டிவிட்டது. இதுவரை வாயைத் திறந்தேனா? நீங்களே பார்த்தீர்கள். ஆனால் மதியம் மூன்று மணிக்கு மதுரையில் ஐந்து பேர் முன்னால் நின்று பேச வேண்டியிருக்கிறது. துப்பாக்கி சுடுகிற சங்கங்களுக்கெல்லாம் மேலே ஒரு சங்கம் இருக்கிறதல்லவா, அவர்களுடைய கமிட்டி. எனக்குப் பேசிப் பழக்கமில்லை. உங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். எங்கே தடுமாறுகிறேன் என்று மட்டும் கடைசியில் சொல்லுங்கள். போதும்.

என் பெயர் பூதலிங்கம். வயது அறுபத்தேழு. படிப்பு எட்டாவது. போலீஸ் ஆயுதப்படையில் துப்பாக்கி பழுது பார்க்கிற வேலை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் மலையில் ஒரு பந்தோபஸ்து. ஐப்பசி, விடாத மழை. நான் கொடுத்து அனுப்பிய நாற்பது ரைபிளில் ஒன்று துருப்பிடித்து இறுகிப்போய்விட்டது. ஒன்றே ஒன்று. திரும்பி வந்ததும் எல்லாரும் பார்க்க மைதானத்தில் என்னை மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்தினார்கள். அன்றைக்குப் பிடித்தேன் எண்ணெய் டப்பாவை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை முப்பத்து மூன்று வருடம், என் கை வழியாகப் போன ஆயுதம் எதுவும் சுடாமல் நின்றதில்லை. ரைபிள், ரிவால்வர், எதுவும்.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊர் ரைபிள் கிளப்பில் ஆயுத அறையைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். செயலாளர் வக்கீல் தனுஷ்கோடி. நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. "அண்ணாச்சி கொடுக்குத துப்பாக்கியில அப்பளம் பொரிக்கலாம்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். ஆயுதத்தையும் அப்பளத்தையும் ஒரே வாயால் பேசுகிறவரிடம் என்ன சிரிப்பு?

என் வேலை இரண்டு. சனிக்கிழமை சுத்தம் செய்து எண்ணெய் போடுவது. ஞாயிற்றுக்கிழமை எத்தனை தோட்டா கொடுத்தேனோ அத்தனை காலிக்கூடு திரும்பி வந்ததா என்று எண்ணுவது. ஒரு கூடு குறைந்தாலும் ஒருவரையும் வெளியே விடமாட்டேன். வக்கீலே முட்டி போட்டுப் புல்லில் தேடியிருக்கிறார். ஒருமுறை ஒரு டாக்டரம்மாவின் செருப்புக்கடியில் இருந்தது. நாற்பது நிமிடம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கமிட்டியில் இவ்வளவு சுற்றிப் பேசக் கூடாது, இல்லையா.

ஜெசிந்தா என்று ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். முப்பத்து நாலு வயது. எங்கள் கிளப்பில் அவளைப் போல் கை நடுங்காமல் சுடுகிறவர் கிடையாது. குறி தப்பினாலும் முகம் மாறாது. என்னை "ஐயா" என்றுதான் கூப்பிடுவாள். பிஸ்டலை இரண்டு கையாலும் வாங்குவாள், இரண்டு கையாலும் கொடுப்பாள். அந்த மரியாதைக்காகவே அவள் மேல் எனக்கு ஒரு இது. அப்படிப்பட்டவள் இப்படிச் செய்தாளே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அவள் சொந்தமாக லைசென்ஸ் எடுத்து ஒரு பிஸ்டல் வைத்திருக்கிறாள். இந்தக் காலத்து மாதிரி. பின்னால் சுத்தியல் போல் அடிக்கிற பாகம் வெளியே தெரியாது. உள்ளே ஒரு சின்னக் குழாய், அதற்குள் ஸ்பிரிங்கோடு ஒரு ஊசி. டிரிகரை இழுத்தால் ஊசி முன்னால் ஓடித் தோட்டாவின் பின்பக்கம் குத்தும். ஸ்ட்ரைக்கர் என்பார்கள். வெளிநாட்டுச் சாமான். வரும்போதே கூட ஒரு சின்னப் புத்தகம் வந்தது, எல்லாம் இங்கிலீஷ். எனக்குப் படம்தான் புரியும். ஒரு பக்கத்தில் அந்தக் குழாயின் படம், பக்கத்தில் எண்ணெய்ச் சொட்டு, சொட்டின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. அவர்கள் ஊரில் மழை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் அது நன்றாகத்தான் சுட்டது. தானே வீட்டில் துடைத்து எடுத்து வருவாள். நான் அதைத் தொட்டதில்லை. ஆடி மாதம் ஒருநாள் வந்து, "ஐயா, டிரிகரை மாத்தப் போறேன்" என்றாள்.

"ஏன், இருக்கிறதுக்கு என்ன?"

"இழுக்கும்போது மணல்ல இழுக்குத மாதிரி இருக்கு. ரெண்டரைக் கிலோ எடை கேக்குது. புதுசு ஒன்றரைக் கிலோதான். ஒரு கிலோவுக்குக் கீழ போனாத்தான் விதி தடுக்கும்."

அனுமதிக் கடிதம், கஸ்டம்ஸ் ரசீது எல்லாம் கொண்டுவந்தாள். சரியாகத்தான் இருந்தது. பெட்டியைத் திறந்தாள். சார், அந்த டிரிகரைப் பார்க்க வேண்டுமே. சிவப்பு. உதட்டுச் சாயம் பூசின மாதிரி பளபளவென்று சிவப்பு. கல்யாண வீட்டில் சில பேர் வருவார்களே, அப்படி. ஆயுதம் என்றால் கறுப்பாக இருக்கும். இல்லையென்றால் மரம். சிவப்பு என்ன சிவப்பு?

என் கண் முன்னால் பத்து நிமிடத்தில் மாட்டினாள். கொக்கி வைத்த எடைக்கல்லை டிரிகரில் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஒரு கிலோவுக்கு அசையவில்லை. ஒன்றரைக்கு விழுந்தது. விதிப்படி சரி. மறுக்க எனக்கு வழியில்லை.

ஆனால் எங்கள் கிளப்பில் ஒரு விதி உண்டு, நான் எழுதி வக்கீல் கையெழுத்துப் போட்டது. உள்பாகம் மாற்றிய ஆயுதம் ஒன்றரை மாதம் ஆயுத அறையில்தான் இருக்க வேண்டும். சுத்தம் செய்வது நான். எண்ணெய் போடுவது நான். நூல் கட்டி அரக்கு வைத்துக் கொடுப்பேன். சொந்தக்காரரே ஆனாலும் பிரிக்கக் கூடாது. ஜெசிந்தா மறுபேச்சுப் பேசவில்லை. "உங்க கையில இருந்தா எனக்கு நிம்மதிதான் ஐயா" என்றாள்.

முதல் சனிக்கிழமை கழற்றினேன். குழாய்க்குள் பார்த்தேன். காய்ந்த எலும்பு மாதிரி கிடந்தது. ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. இரண்டு வருடம் இந்தப் பெண் ஆயுதத்தை இப்படியா வைத்திருந்தாள் என்று எனக்கு அருவருப்பாகிவிட்டது. ரைபிள் எண்ணெய், நல்ல கெட்டி எண்ணெய், மூன்று சொட்டு விட்டேன்.

மறுநாள் ஐம்பது தோட்டா சுட்டாள். நாலு வெடிக்கவில்லை.

நாலு சார். டிரிகர் இழுபடுகிறது, ஊசி தட்டுகிற சத்தம் கேட்கிறது, வெடி இல்லை. அந்த நாலையும் எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஊசி குத்தின குழி ஆழமே இல்லை. கொசு கடித்த மாதிரி ஒரு தடம். "பார்த்தியாம்மா, உன் சிவப்பு டிரிகர் பண்ணுத வேலையை" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. ஒன்றரை மாதத்தில் மாநிலப் போட்டி. அதில் தகுதி எடுத்தால்தான் தேசியப் போட்டி. பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் டிரிகர் மேல்தான், அவள் மேல் இல்லை. கண்டுபிடித்தே தீருவது என்று இதோ பையில் வைத்திருக்கிறேனே, இந்த நோட்டைப் போட்டேன். நாலு கட்டம். தேதி, சுட்டது, வெடிக்காதது, நான் செய்தது. ஒரு வாரத்துக்கு ஒரு காரியம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாது அல்லவா.

இரண்டாம் வாரம் தோட்டாவைச் சந்தேகப்பட்டேன். வேறு பெட்டி பிரித்துக் கொடுத்தேன். ஆறு வெடிக்கவில்லை. அதே பெட்டித் தோட்டாவை வக்கீலின் பிஸ்டலில் போட்டோம், இருபதும் வெடித்தது. ஆகத் தோட்டா குற்றமில்லை.

மூன்றாம் வாரம் ஸ்பிரிங். புது டிரிகரோடு ஒரு மெல்லிய ஸ்பிரிங்கும் வந்திருந்தது. அதை எடுத்துவிட்டுப் பழைய ஸ்பிரிங்கை மாட்டச் சொன்னேன். ஏழு வெடிக்கவில்லை. பார்த்தீர்களா? ஸ்பிரிங் பழையது, டிரிகர்தான் புதியது. அப்போதே எனக்கு உறுதியாகிவிட்டது. குழாயைத் திறந்தால் உள்ளே கண்மை மாதிரி கறுப்பாக, மசமசவென்று இருக்கும். சிவப்புச் சாயம் தேய்ந்து கறுப்பாகி வருகிறது என்று நினைக்கிறேன். துடைத்துவிட்டு வேறு எண்ணெய் விடுவேன். அது ஒவ்வொரு வாரமும் நடப்பது, அதை மாற்றம் என்று சொல்ல முடியாது.

நாலாம் வாரம் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். குனியக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வக்கீல் என்னைக் கேட்காமலே அரக்கைப் பிரித்து, "ஜெசி, நீயே துடைச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டார். அவள் என்ன செய்தாள் தெரியுமா? வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்ரோலில் கழுவியிருக்கிறாள். எருமையைக் கழுவுகிற மாதிரி. குழாயைத் துணி விட்டுத் துடைத்துக் காயப்போட்டு, அப்படியே எடுத்துவந்து சுட்டிருக்கிறாள். "உள்ளே ஒரே கறுப்பு ஐயா" என்று போனில் சொன்னாள்.

அன்றைக்கா? அன்றைக்கு ஐம்பதும் வெடித்தது. எழுதியிருக்கிறேன், பாருங்கள். வெடிக்காதது, பூஜ்யம். நான் எதையும் மறைக்கிறவன் இல்லை. டிரிகருக்கு அந்த வாரம் நல்ல வாரம், அவ்வளவுதான். திருடன் என்றால் எல்லா நாளுமா திருடுவான்?

ஐந்தாம் வாரம் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து முதல் வேலையாகத் திறந்தேன். மறுபடியும் எலும்பு. போன வாரத்துக்கும் சேர்த்து எண்ணெய் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வெடிக்கவில்லை. நல்ல வாரம் முடிந்துவிட்டது.

ஆறாம் வாரம் நான் பிடிவாதமாக நின்றேன். "பழைய டிரிகரையே மாட்டும்மா." மாட்டினாள். எனக்கு அவ்வளவு திருப்தி. இன்னும் தாராளமாக எண்ணெய் விட்டு, அரக்கு வைத்துக் கொடுத்தேன். பன்னிரண்டு வெடிக்கவில்லை.

அங்கே நிற்கிறீர்கள் அல்லவா? வக்கீலும் அங்கேதான் நின்றார். "அண்ணாச்சி, சிவப்பைத்தான் கழத்தியாச்சே, அப்புறம் எப்படி?" என்றார். நான் சொன்னேன், அது ஐந்து வாரம் உள்ளே இருந்து கெடுக்க வேண்டியதைக் கெடுத்துவிட்டது, இனி எதை மாட்டினாலும் இப்படித்தான். வக்கீல் தலையைச் சொறிந்தார். சட்டம் படித்தவருக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும்?

நாலும் ஆறும் பத்து, ஏழும் பதினேழு, ஒன்பது இருபத்தாறு, பன்னிரண்டு முப்பத்தெட்டு. முந்நூறு சுட்டதில் வெடிக்காதது முப்பத்தெட்டு. அத்தனையும் ஆயுத அறையில் தனி டப்பாவில் முத்திரையோடு இருக்கிறது. முப்பத்து மூன்று வருடத்தில் ஒன்றுகூட இல்லாதவனுக்கு ஆறு வாரத்தில் முப்பத்தெட்டு. நான் சரியாகத் தூங்கவில்லை சார்.

மாநிலப் போட்டி வந்தது. அவளுக்கு விரல் சிவப்பு டிரிகருக்குப் பழகிவிட்டதாம், அதையே மறுபடி மாட்டினாள். சரி, என் பங்குக்கு நான் குறை வைக்கக் கூடாது என்று முந்தின நாள் சாயங்காலம் நானே உட்கார்ந்து கவனித்துக் கொடுத்தேன். போட்டியில் மூன்று தடவை நின்றது. ஒரு தடவை நின்றால் மறுபடி சுட விடுவார்கள். மூன்று தடவைக்கு யார் விடுவார்கள்? நாலு புள்ளியில் தகுதி போய்விட்டது. அவள் காதுமூடியைக் கழற்றி, பெட்டிக்குள் வைத்து, பூட்டி, வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது ரயிலில் இந்த நோட்டை அவளிடம் கொடுத்தேன். "படிச்சுப் பாரும்மா. வாராவாரம் இருக்கு. இனியாவது அந்தச் சனியனைத் தூக்கிப் போடு" என்றேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு பக்கத்துக் கணக்கு, அதை எவ்வளவு நேரம் பார்ப்பது? விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். மறுபடி மேலே போனாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். நோட்டை மூடி இரண்டு கையாலும் கொடுத்தாள்.

"டிரிகர்தான் ஐயா. நீங்க சொன்னது சரி."

"இப்பவாவது தெரிஞ்சுதே."

"ஒன்றரை மாசக் கெடு முடிஞ்சுட்டு. இனி துடைக்குதது நான் வீட்டிலயே பாத்துக்கிடுதேன். உங்களுக்குக் கண் ஆப்பரேஷன் பண்ணியிருக்கு."

கிளப் கூட்டத்திலும் எழுந்து நின்று அதையே சொன்னாள். தன் டிரிகர்தான் காரணம், பூதலிங்கம் ஐயா முதலிலேயே எச்சரித்தார், தான் கேட்கவில்லை என்று. வக்கீல் எனக்கு ஒரு துண்டு போர்த்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். அவளும்தான் தட்டினாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் இந்தப் பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பெட்டியைத் திறந்தாள். உள்ளே அதே சிவப்பு! குற்றத்தை ஒத்துக்கொண்டு, சபையில் சொல்லி, என்னைத் துண்டு போர்த்திக்கொள்ள வைத்து, மறுபடியும் அதையே மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். இதைவிடக் கேவலம் உண்டா? எனக்கு அன்று அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. காலிக்கூட்டை மட்டும் எண்ணினேன். ஐம்பதுக்கு ஐம்பது. அதற்கு அடுத்த வாரம் ஐம்பதுக்கு ஐம்பது. ஐந்து வாரம், இருநூற்றைம்பது, ஒன்றுகூட நிற்கவில்லை. அதையும் எழுதியிருக்கிறேன்.

அதனால்தான் மனு. வெளியிலிருந்து வாங்கின டிரிகரை மாநிலத்தில் எந்தக் கிளப்பிலும் மாட்டக் கூடாது, மாட்டினவரை அடுத்த வருடப் போட்டியில் சேர்க்கக் கூடாது. வக்கீல்தான் எழுதிக் கொடுத்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டே. அவள் பெயரும் மனுவில் இருக்கிறது. நேற்று அவளிடமே காட்டினேன். முதுகுக்குப் பின்னால் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அடுத்த வருடம்தான் அவளுக்கு இருக்கிற வாய்ப்பு, அது எனக்கும் தெரியும். ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறதே.

அவள் மனுவை முழுக்கப் படித்தாள். கோபப்படவில்லை. "மனுவைக் கொடுங்க ஐயா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நோட்டை மட்டும் கொண்டு போகாதீங்க" என்றாள்.

"ஏன்?"

"சும்மாதான். அது உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஒளித்து வைக்க இதில் என்ன இருக்கிறது? ஆதாரமே இதுதானே. எண்ணெய் டப்பாவையும் எடுத்து வந்திருக்கிறேன், எப்பேர்ப்பட்ட எண்ணெய் போட்டேன் என்று அந்த ஐந்து பேரும் முகர்ந்து பார்க்கட்டும்.

இந்தாருங்கள், நீங்களே பாருங்கள். கண்ணாடி வேண்டுமா? என் எழுத்து பெரிய எழுத்துதான். முதல் கட்டம் தேதி. அடுத்தது சுட்டது. அடுத்தது வெடிக்காதது. நாலு, ஆறு, ஏழு, பூஜ்யம், ஒன்பது, பன்னிரண்டு.

கடைசிக் கட்டமா? அது நான் செய்தது. எத்தனை சொட்டு என்று. வெடிக்காதது கூடக்கூட நானும் விடாமல் கூட்டிக்கொண்டே போனேன். மூன்று, நாலு, ஐந்து. அந்தக் கோடு, கண் ஆப்பரேஷன் வாரம், ஒன்றும் போடவில்லை. அப்புறம் ஏழு, ஒன்பது. கீழே இந்த ஐந்து வாரமும் கோடுதான், அவள் என்னிடம் கொடுக்கவில்லையே.

என்ன கேட்டீர்கள்?

போட்டிக்கு முந்தின நாளா? பத்து சொட்டு.

இல்லை சார். எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எண்ணெய் என்பது... மழையில் அந்த ரைபிள் நின்றது எண்ணெய் இல்லாமல். எண்ணெய் போட்டு ஒன்று நின்றது என்று யாரும் சொன்னதில்லை. முப்பத்து மூன்று வருடம்.

விரலை எடுங்கள் சார். அந்த இரண்டு கட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டியதில்லை. அது தனி, இது தனி.

கோவில்பட்டி வந்துவிட்டது போலிருக்கிறது. இங்கே எத்தனை நிமிடம் நிற்கும்? திருநெல்வேலிக்குத் திரும்புகிற பஸ் எதிர்ப்பக்கம்தானே நிற்கும்? சும்மா கேட்டேன். டிக்கெட் மதுரைக்கு எடுத்திருக்கிறேன்.

எங்கே தடுமாறினேன் என்று நீங்கள் சொல்லவே இல்லையே.

சரி, நோட்டைக் கொடுங்கள். நீங்களும் எதற்கு சார் இரண்டு கையால் கொடுக்கிறீர்கள்?